மஞ்சள் புள்ளியும் மாறிப்போன எண்ணும்

திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்தைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ் கடைகளில் திங்கட்கிழமை காலை நிற்க இடம் கிடைக்காது. குறைதீர்க்கும் நாள். மனுவோடு இணைக்கப் பட்டா நகல், வில்லங்கச் சான்று, ஆதார் அட்டையின் இரண்டு பக்கம் என்று ஆளுக்கொரு கட்டு. "கலரா, கறுப்பு வெள்ளையா?" என்று கடை அண்ணாச்சி கேட்பார். நாம் விலையை நினைத்துப் பதில் சொல்வோம். இரண்டுக்கும் விலையைத் தவிர இன்னொரு வித்தியாசமும் உண்டு. கலர் லேசர் இயந்திரத்தில் அச்சிட்டால், நாம் கேட்காத ஒன்றும் அந்தத் தாளில் சேர்ந்து வரக்கூடும்: வெறும் கண்ணுக்குப் பிடிபடாத மஞ்சள் புள்ளிகள்.

கேட்டவுடன் வாட்ஸ்அப் வதந்தி போலத்தான் தோன்றும். வதந்தி இல்லை. ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவு. புள்ளிக்குப் புள்ளி இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவு. வெள்ளைத் தாளில் வெளிர் மஞ்சள் என்பதால் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் தெரியாது. ஒரே வடிவம் தாள் முழுக்கத் திரும்பத் திரும்ப அச்சாகும். எழுத்தே இல்லாத ஓரங்களிலும் இருக்கும். அதனால் தாளின் ஒரு மூலையைக் கிழித்து எடுத்தாலும் முழுச் செய்தியும் அதில் கிடைத்துவிடும்.

செய்தி என்றால் என்ன செய்தி? அந்த இயந்திரத்தின் வரிசை எண். சில மாடல்களில் அச்சிட்ட தேதியும் நேரமும்கூட.

இது யார் பார்த்த வேலை என்றால், ஆரம்பித்தவர்கள் ஜெராக்ஸ், கேனான் போன்ற நிறுவனங்களே. 1980களின் நடுவில் கலர் நகல் இயந்திரங்கள் சந்தைக்கு வரத் தொடங்கியபோது, இவற்றை வைத்துக் கள்ளநோட்டு அடித்துவிடுவார்களே என்ற கவலை அரசாங்கங்களுக்கு வந்தது. எந்த இயந்திரத்தில் அச்சடித்தது என்று பின்னால் கண்டுபிடிக்க ஒரு வழியை உள்ளேயே வைத்துவிடுகிறோம் என்பது நிறுவனங்கள் தந்த தீர்வு. இயந்திரத்தை வாங்கியவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. 2004ஆம் ஆண்டில்தான் விஷயம் பத்திரிகைகளில் பரவலாக வந்தது. அடுத்த ஆண்டு, அமெரிக்காவில் கணினிப் பயனர்களின் உரிமைக்காக இயங்கும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் அமைப்பினர், ஜெராக்ஸ் டாக்குகலர் வகை இயந்திரத்தின் புள்ளிகளைப் படித்து, அவற்றின் பொருளை வெளியிட்டார்கள்.

அந்தக் கட்டம் படிக்கக் கடினமானது இல்லை. எட்டாம் வகுப்புக் கணக்கு போதும். மொத்தம் 15 நெடுவரிசை, 8 கிடைவரிசை. மேல்வரிசையைச் சற்று நேரம் மறந்துவிடுங்கள். மீதி ஏழு வரிசைகளுக்கும் மேலிருந்து கீழாக 64, 32, 16, 8, 4, 2, 1 என்று மதிப்பு. ஒரு நெடுவரிசையில் எந்தெந்த இடத்தில் புள்ளி இருக்கிறதோ, அந்த மதிப்புகளைக் கூட்டினால் ஓர் எண் வரும். இடமிருந்து இரண்டாவது நெடுவரிசை நிமிடம். ஐந்தாவது மணி. ஆறு, ஏழு, எட்டு ஆகியவை முறையே நாள், மாதம், ஆண்டு. பதினொன்று முதல் பதினான்கு வரை வரிசை எண்.

மாலை 4.20க்கு ஒரு தாள் அச்சாகிறது என்று வைத்துக்கொள்வோம். இருபத்து நான்கு மணிக் கணக்கில் மணி 16. ஆகவே ஐந்தாவது நெடுவரிசையில் 16க்கு நேராக ஒரே ஒரு புள்ளி. நிமிடம் 20 என்பது 16 கூட்டல் 4. இரண்டாவது நெடுவரிசையில் இரண்டு புள்ளிகள். இப்போது மறந்துபோன மேல்வரிசைக்கு வருவோம். எந்த நெடுவரிசையிலும் புள்ளிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்பது விதி. மணிக்கு ஒரு புள்ளிதான், அது ஒற்றைப்படை, மேலே காலி. நிமிடத்துக்கு இரண்டு, அது இரட்டைப்படை, எனவே மேலே ஒரு புள்ளி சேர்த்து மூன்றாக்கப்படும். முதல் நெடுவரிசையும் இதே வேலையைக் கிடைவரிசைகளுக்குச் செய்கிறது. தாளில் அழுக்குப் பட்டு ஒரு புள்ளி மறைந்தாலும், எந்த நெடுவரிசையிலும் எந்தக் கிடைவரிசையிலும் கணக்கு இடிக்கிறது என்று பார்த்து, காணாமல் போன புள்ளியை அதன் இடத்தில் திரும்ப வைத்துவிடலாம். உளவு வேலையோ இல்லையோ, செய்தவர்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள். ஆனால் இந்தக் கட்டம் அந்த ஒரு வகை இயந்திரத்துக்கு மட்டும் உரியது. வேறு நிறுவனங்களின் புள்ளிகள் வேறு அமைப்பில் இருக்கும்.

நீங்களே பார்க்க வேண்டுமா? கலர் லேசரில் அச்சிட்ட தாள் ஒன்று, நீல நிற எல்இடி விளக்கு ஒன்று, நல்ல லென்ஸ் ஒன்று. அறையை இருட்டாக்கிக்கொண்டு நீல ஒளியைத் தாளின் வெறுமையான ஓரத்தில் அடியுங்கள். மஞ்சள் நிறம் நீல ஒளியை விழுங்கிவிடுவதால் புள்ளிகள் கறுப்பாகத் தெரியும். வீட்டுப் பூதக்கண்ணாடி போதாமல் போகலாம்; கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர் கண்ணில் செருகிக்கொள்ளும் லென்ஸ் உத்தமம். விளக்கு இல்லாவிட்டால் தாளை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற நுணுக்கத்தில்) கலராக ஸ்கேன் செய்து, படத் திருத்த மென்பொருளில் நீல நிறத்துக்கான அடுக்கை (ப்ளூ சேனல்) மட்டும் பிரித்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

கறுப்பு வெள்ளை இயந்திரத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. மஞ்சள் டோனரே (மைத்தூள்) அதில் கிடையாது. வீடுகளில் இருக்கும் மலிவான இங்க்ஜெட் பிரிண்டர்களிலும் இந்தப் புள்ளிகள் பொதுவாகக் காணப்படுவதில்லை. இது பெரும்பாலும் லேசர் சங்கதி.

2017இல் இந்தப் புள்ளிகள் உலகப் புகழ் பெற்றன. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையிலிருந்து கசிந்த ஓர் ஆவணத்தை 'தி இன்டர்செப்ட்' என்ற செய்தித்தளம் வெளியிட்டது. வெளியான படத்திலேயே மஞ்சள் புள்ளிகள் இருந்தன. கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் அவற்றைப் படித்து, 2017 மே 9ஆம் தேதி காலை 6.20க்கு அச்சிடப்பட்டது என்று சொன்னார்கள். ஆவணத்தைக் கொடுத்தவர் அதற்குள் கைதாகியிருந்தார். "பிரிண்டர் காட்டிக் கொடுத்தது" என்று எல்லோரும் எழுதினார்கள்.

வழக்கு ஆவணத்தைப் படித்தால் கதை அத்தனை சுவாரசியமாக இல்லை. தாளில் மடிப்புத் தடம் தெரிந்ததால், யாரோ அச்சிட்டுக் கையில் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று ஊகித்தார்கள். அலுவலகக் கணினிப் பதிவேட்டைப் பார்த்தார்கள். அந்த ஆவணத்தை அச்சிட்டவர்கள் ஆறு பேர். அந்த ஆறு பேரில் ஒருவர்தான் அலுவலகக் கணினியிலிருந்து அந்தச் செய்தித்தளத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அவ்வளவுதான். லென்ஸும் வேண்டாம், நீல விளக்கும் வேண்டாம். எந்தக் கணினியிலிருந்து, எந்தப் பெயரில், எந்தக் கோப்பு, எத்தனை மணிக்கு என்பதை வலைப்பின்னலில் இணைந்த அலுவலக பிரிண்டர் சாதாரண எழுத்திலேயே குறித்து வைத்திருக்கும். இந்த எளிய பதிவேட்டுக்குப் பயப்படாதவர்கள் மஞ்சள் புள்ளிக்குப் பயப்படுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

நம் ஊர்க் கடையில் அச்சிட்ட தாளை எடுத்துக்கொண்டாலும், புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு போனால் அண்ணாச்சியின் இயந்திரம் வரைக்கும்தான் போகலாம். அன்று 4.20க்குக் கவுண்டரில் நின்றது யார் என்று புள்ளிக்குத் தெரியாது. அந்த 4.20ம் இயந்திரத்தின் கடிகாரம் சொல்லும் நேரம். அதை யாரும் சரிசெய்திராவிட்டால் எந்த ஆண்டையும் அது சொல்லும். ஜெர்மனியில் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் இந்தப் புள்ளிகளைப் படிக்கவும், மேலும் புள்ளிகளைச் சேர்த்துக் குழப்பவும் ஓர் இலவச மென்பொருளை வெளியிட்டிருக்கிறார்கள். ஊழலை அம்பலப்படுத்துகிறவர்களுக்கும் அவர்களுடைய நிருபர்களுக்கும் அது தேவைப்படலாம். பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுப்பவருக்குத் தேவையில்லை.

இதே குடும்பத்தில் இன்னொரு தந்திரம்: பல நாடுகளின் பணத்தாள்களில் ஐந்து சிறு வட்டங்கள் ஒரு குறிப்பிட்ட அமைப்பில் அச்சிடப்பட்டிருக்கும். அதைக் கண்டால் பல கலர் நகல் இயந்திரங்கள் வேலை செய்ய மறுத்துவிடும். 2002இல் கேம்பிரிட்ஜில் இருந்த மார்கஸ் குன் என்ற கணினி அறிஞர் இதைக் கவனித்து வெளியே சொன்னார்.

இனி உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய ஒன்றுக்கு வருகிறேன். புள்ளிகள் தாளில் எதையோ சேர்க்கின்றன, ஆனால் நம் எழுத்தைத் தொடுவதில்லை. ஸ்கேனர் தொட்டிருக்கிறது.

2013இல் ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் க்ரீசல் என்ற கணினியியலாளரிடம் ஒரு புகார் வந்தது. ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் ஒர்க்சென்டர் இயந்திரத்தில் ஸ்கேன் செய்திருக்கிறார்கள். அசல் வரைபடத்தில் மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர். ஸ்கேனில் மூன்றுமே 14.13. பெரிய அறையும் சிறிய அறையும் ஒரே அளவு என்று இருந்ததால்தான் யாரோ கவனித்தார்கள். க்ரீசல் தோண்டிப் பார்த்தபோது வேறு ஆவணங்களில் 6 என்பது 8 ஆகியிருந்தது.

இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்வது முக்கியம். ஸ்கேன் கோப்பின் அளவைக் குறைப்பதற்காக, சில இயந்திரங்கள் ஜேபிக்2 என்ற சுருக்கும் முறையைப் பயன்படுத்துகின்றன. ஒரு பக்கத்தில் 'க' என்ற எழுத்து நாற்பது இடங்களில் வருகிறது என்றால், நாற்பது படங்களைச் சேமிப்பானேன்? ஒரு 'க' படத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மீதி முப்பத்தொன்பது இடங்களிலும் அதையே ஒட்டிவிடலாம். நல்ல யோசனைதான். ஆனால் 'இரண்டும் ஒரே எழுத்து' என்று இயந்திரம் எப்படி முடிவு செய்கிறது? வடிவ ஒற்றுமையை வைத்து. எழுத்து சிறியதாகவும் அச்சு லேசாகவும் இருந்தால் 6க்கும் 8க்கும் உள்ள வேறுபாடு ஒன்றிரண்டு புள்ளிதான். இயந்திரம் 'போதும், ஒன்றுதான்' என்று முடிவு கட்டி, 6 இருந்த இடத்தில் ஒரு தெளிவான 8ஐ ஒட்டிவிடுகிறது.

அந்தத் தெளிவுதான் ஆபத்து. மங்கிப்போன எண்ணைப் பார்த்தால் நமக்குச் சந்தேகம் வரும், அசலைத் தேடுவோம். பளிச்சென்று இருக்கும் 8ஐப் பார்த்து யார் சந்தேகப்படுவார்கள்?

நம் பக்கத்துக் கணக்கில் இதைப் போட்டுப் பார்க்கிறேன். அம்பாசமுத்திரம் பக்கம் தாமிரபரணிப் பாசனத்தில் ஒரு நன்செய். பட்டாவில் பரப்பு 0.16.50 என்றிருக்கிறது, அதாவது பதினாறரை ஏர். ஸ்கேனில் அது 0.18.50 ஆகிவிட்டால் இரண்டு ஏர் கூடுதல். இரண்டு ஏர் என்பது 200 சதுர மீட்டர், ஏறத்தாழ 5 சென்ட். ஐந்து சென்டுக்காக அண்ணன் தம்பி பேசாமல் இருக்கும் வீடுகள் எத்தனை என்று நெல்லைச் சீமையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஜெராக்ஸ் நிறுவனம் முதலில், தரத்தைக் குறைத்து வைத்த அமைப்பில்தான் இப்படி ஆகும் என்றது. மற்ற அமைப்புகளிலும் ஆகிறது என்று க்ரீசல் காட்டிய பிறகு, இயந்திரங்களுக்கான திருத்த மென்பொருளை வெளியிட்டது. அந்தத் திருத்தம் பழைய இயந்திரங்கள் அனைத்திலும் ஏற்றப்பட்டிருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். செய்ய வேண்டியது எளிது. ஸ்கேன் செய்யும்போது 'சிறிய கோப்பு' என்ற வகை அமைப்பைத் தவிர்த்து, குறைந்தது 300 டிபிஐயில் எடுக்கச் சொல்லுங்கள். கோப்பு வந்ததும் சர்வே எண், உட்பிரிவு எண், பரப்பு, தொகை, தேதி ஆகியவற்றை அசலோடு வைத்து ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபாருங்கள். பழைய பத்திரம் எழுதுவோர் அலுவலகங்களில் இப்படித்தான் ஒப்புநோக்குவார்கள். இயந்திரம் வந்ததும் அந்தப் பழக்கம் தேவையில்லை என்று ஆனது சரியில்லை. அசல் தாளைக் கழிவுத்தாள் கடைக்குப் போட்டுவிடவும் வேண்டாம்.

செல்பேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இந்தக் கோளாறு வருமா என்று கேட்பார்கள். அங்கே படத்தைச் சுருக்கும் முறை வேறு. மங்கும், விளிம்பு கலங்கும். ஆனால் 6 மங்கிய 6ஆகவே இருக்கும், தெளிந்த 8 ஆகாது.

நகல் இயந்திரம் பற்றிக் கடைசியாக ஒன்று. பெரிய நகல் இயந்திரங்களின் உள்ளே ஹார்டு டிஸ்க் இருக்கும். நகலெடுத்த பக்கங்களின் படம் அதில் தங்கிப்போகலாம். 2010இல் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி பழைய இயந்திரங்கள் சிலவற்றை விலைக்கு வாங்கித் திறந்து பார்த்தபோது காவல்துறை ஆவணங்களும் மருத்துவக் குறிப்புகளும் கிடைத்தன. இயந்திரத்தைக் கைமாற்றும் கடைக்காரர்கள் டிஸ்கை அழித்துவிட்டுத் தரவேண்டும்.

மின்னஞ்சலின் வினோதங்கள் வேறு வகை. அங்கே ரகசியம் கிடையாது, வயதுதான் காரணம். இன்றும் நாம் அனுப்பும் மின்னஞ்சல், 1982இல் வகுத்த விதிகளின் வழிவந்த முறையில்தான் சர்வருக்குச் சர்வர் (அஞ்சலை வாங்கி அனுப்பும் கணினி) கைமாறுகிறது. ஒவ்வொரு சர்வரும் தான் பெற்ற நேரத்தை ஒரு வரியாக எழுதி மேலே ஒட்டும். கார்டில் ஒவ்வொரு தபால் நிலையமும் முத்திரை குத்துவது போல. மின்னஞ்சலில் 'அசலைக் காட்டு' என்ற வசதியைத் திறந்தால் அந்த வரிகள் அத்தனையும் தெரியும். கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். மேலே பெரிதாகத் தெரியும் தேதி அனுப்பியவர் கணினி சொன்னது. அவர் கடிகாரத்தை மாற்றி வைத்தால் அதுவும் மாறும். டெண்டர் மாலை 5 மணிக்குள் வந்ததா என்ற தகராறில், பெற்றுக்கொண்ட சர்வர் ஒட்டிய வரிதான் பேசும்.

அந்த 1982 விதியில் இன்னொரு சங்கதி: அனுப்பக்கூடிய குறிகளுக்கு மொத்தம் 128 இடம்தான். ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக்குறி இவற்றோடு இடம் தீர்ந்தது. தமிழுக்கு அதில் இடமே இல்லை. எனவே நம்மவர்கள் ஒரு குறுக்குவழி கண்டார்கள். உள்ளே ஆங்கில எழுத்துகளே இருக்கும். மேலே தமிழ் உருவம் வரைந்த எழுத்துருவைப் போர்த்திவிடுவார்கள். பாமினி எழுத்துருவில் 'நெல்லை' என்ற சொல்லின் உள்ளே இருப்பது என், ஈ, வொய், அரைப்புள்ளி, ஐ, வொய் (ney;iy) என்ற ஆறு ஆங்கிலக் குறிகள். என் என்பது கொம்பு, ஈ என்பது ந. கொம்பு முதலில் வருவது, பழைய தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தில் அடித்த அதே வரிசை. பாளையங்கோட்டையில் தட்டச்சு படித்துத் தேறியவர்களுக்கு இது கைவந்த கலை. ஆனால் பெறுபவரின் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் போர்வை கழன்றுவிடும். கோப்பு முழுக்க ஆங்கிலப் பிதற்றலாகத் தெரியும். நிறையப் பேர் இதை வைரஸ் என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். பாவம், உள்ளே தமிழ் பத்திரமாகத்தான் இருக்கிறது.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் பொது முறையான யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்குச் சொந்த எண்கள் கிடைத்தன. தமிழ்நாடு அரசும் 2010இல் யூனிகோடை ஏற்றது. அதே 'நெல்லை' இப்போது ஆறு குறிகள், குறிக்கு மூன்று பைட், ஆக 18 பைட். பழைய மின்னஞ்சல் பாதையில் சிக்கலின்றிப் போவதற்காக, மூன்று பைட்டை நான்கு ஆங்கிலக் குறியாக மாற்றி அனுப்புவது வழக்கம், அப்போது 24. இணைப்புக் கோப்புகளுக்கும் இதே கதிதான். 20 எம்பி பிடிஎஃப் வழியில் ஏறத்தாழ 27 எம்பி ஆகிவிடும். 25 எம்பி வரம்பு வைத்திருக்கும் அலுவலகத்திலிருந்து அது திரும்பி வந்தால் சர்வர் மேல் குற்றமில்லை.

பழைய எழுத்துருக் கோப்புகள் இன்னும் அலுவலகக் கணினிகளில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அவற்றை யூனிகோடாக்கும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். முதலில் எந்த எழுத்துரு என்று தெரிய வேண்டும். வானவில் என்ற வேறோர் எழுத்துருவில் அடித்த கோப்பைப் பாமினி என்று சொல்லி மாற்றினால் பாதி சரியாகவும் பாதி உளறலாகவும் வரலாம். சரியான எழுத்துருவைத் தேர்ந்தாலும், கோப்பின் நடுவே உண்மையாகவே ஆங்கிலத்தில் அடித்திருந்த பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் அந்த மாற்றி மென்பொருள் தமிழாக்கிவிடும். அவற்றை மட்டும் கையால் திரும்ப அடிக்க வேண்டும். பாமினியில் எண்கள் எண்களாகவே இருப்பதால் சர்வே எண்ணுக்கும் தொகைக்கும் சேதமில்லை.